அமாவாசையில் வருகிற புத்தாண்டு

சீனப் புத்தாண்டு எப்போதும் அமாவாசையை ஒட்டித்தான் வரும். சில வருடம் அதே நாள், சில வருடம் அமாவாசைக்கு அடுத்த நாள். இதை ஒருவரும் எனக்குச் சொல்லிக் கலியாணம் கட்டித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் நான் அவரைத்தான் கட்டியிருப்பேன். ஆனால் கொஞ்சம் ஆயத்தமாகப் போயிருப்பேன்.

என் கணவர் சீனாவின் வடகிழக்கு மூலையில், ஆறு உறைந்துபோகிற குளிர் ஊரில் பிறந்து, பள்ளிக்கூட வயதில் பாரிசுக்கு வந்தவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து பதின்ம வயதில் வந்தவள். இரண்டு பேரும் ஒரே லிசேயில், இங்கத்தைய உயர்நிலைப் பள்ளியில், படித்தோம். பிரெஞ்சுப் பாடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மோசமான புள்ளிகள். அதில் தொடங்கிய சிநேகம் பாரிசின் மார்க்ஸ் டோர்மோயில் ஒரு வாடகை வீட்டிலும் ஆறு வயது மகளிலும் வந்து நிற்கிறது. மகள் எல்லாவற்றையும் பிரெஞ்சில் பேசுவாள். தகப்பனிடம் ஏதும் காரியம் ஆக வேண்டுமென்றால் சீனம் வரும். என்னிடம் மாட்டிக்கொண்டால் மட்டும் தமிழ் வரும்.

தகப்பன் இல்லாதவர்கள் அமாவாசை விரதம் பிடிப்பது எங்கள் வழக்கம். என் அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. அம்மா கனடாவில் தன் தங்கையோடு இருக்கிறார். ஆகவே மாதா மாதம் அப்பாவுக்குப் படைக்கிறவள் நான்தான். “பெண் பிள்ளையள் பிடிக்கத் தேவையில்லை” என்று கோயிலில் ஒரு பெரிய மனிதர் சொன்னார். அவருக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. அமாவாசைக்கு முந்தின நாளிலிருந்தே என் குசினிக்குள் மீன், இறைச்சி, முட்டை எதுவும் வராது. வெங்காயமும் உள்ளிப்பூண்டும்கூட கூடைக்குள்ளேயே இருக்கும்.

அப்பா பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெல்லிலிருந்து தினமும் ரயிலேறி வந்து ஓர் உணவகத்தில் கோப்பை கழுவியவர். நான் ஒரு சீனப் பெடியனைக் கட்டப் போகிறேன் என்று சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“சோறு தின்னுறவனோ?”

“ஓம் அப்பா. எங்களை விடக் கூட.”

“பிறகென்ன?” என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிட்டார். சொந்தக்காரர் எல்லாரும் பாடம் எடுத்த விஷயத்தில் அப்பாவுக்கு அவ்வளவுதான் பேச இருந்தது. கலியாணம் முடிந்த சில மாதங்களில் அவர் போய்ச் சேர்ந்தார். இப்போதும் அந்தப் ‘பிறகென்ன’வை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறையும்.

இனி மற்றப் பக்கத்துக் கதை. சீனர்களின் பழைய வருடத்தின் கடைசி மாலையில் குடும்பம் முழுவதும் ஒரே மேசையில் சாப்பிட வேண்டும். அந்த மேசை மகன் வீட்டில் இருக்க வேண்டும். இறந்துபோன பெற்றோரின் படங்களும் மகன் வீட்டில்தான் இருக்க வேண்டும். முதல் கிண்ணம் அவர்களுக்கு வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம். என் கணவரின் பெற்றோர் எங்கள் கலியாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார்கள். ஒரே மகன் அவர்தான். ஆனால் படங்கள் இருந்தது பாரிசில் சீனர்கள் நிறைந்த பெல்வில்லில், அவருடைய அக்கா வீட்டு அலுமாரிக்கு மேலே. என் மச்சாள் அங்கே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். தம்பியை வளர்த்து ஆளாக்கியவரும் அவர்தான். கலியாணத்தோடு படங்களைத் தம்பியிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது முறை. மச்சாள் கொடுக்கவில்லை.

ஏன் கொடுக்கவில்லை என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வருடா வருடம் நாங்கள் மூன்று பேரும் பெல்வில்லுக்குப் போவோம். மேசை நிறைய முழு மீன், பன்றி இறைச்சி, கொழுக்கட்டை. கொழுக்கட்டை என்று நான் சொல்கிறேன், பிரெஞ்சுக்காரர் ராவியோலி என்பார்கள். கோதுமை மாவை வட்டமாகத் தட்டி, உள்ளே இறைச்சியும் கோவாவும், அதுதான் முட்டைக்கோசும், வைத்து, மடித்து, அவித்து எடுப்பது. மச்சாள் ஒன்றை எடுத்து என் கிண்ணத்தில் வைப்பார். நான் அதை என் கணவரின் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டு ஒரு மண்டரின் தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருப்பேன். அவர் அக்காவிடம் சீனத்தில் ஏதோ விளக்கம் சொல்வார். மச்சாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். விரதம் என்றால் புரியாத மனுசி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இப்படியே போயிருக்கும். கெடுத்தவள், இல்லை, காப்பாற்றியவள் என் மகள்.

குளிர்கால விடுமுறைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூட வாசலில் மகளின் மெத்ரெஸ், அவளுடைய வகுப்பு ரீச்சர், என்னிடம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். “வெள்ளிக்கிழமை பின்னேரம் உங்கள் ராவியோலிக்காக வகுப்பே காத்துக்கொண்டிருக்கிறது, மதாம். ஒன்றே ஒன்று, பன்றி இறைச்சி வேண்டாம். கச்சான் கடலையும் வேண்டாம், ஒரு பிள்ளைக்கு ஒத்துவராது.”

நான் மகளைப் பார்த்தேன். மகள் தன் சப்பாத்தைப் பார்த்தாள்.

தெருவுக்கு வந்ததும் பிடித்தேன். “என்ன சொன்னனி நீ? உண்மையைச் சொல்லு.”

வகுப்பில் சீனப் புத்தாண்டைப் பற்றிக் கதை வந்திருக்கிறது. தன் வீட்டுப் புத்தாண்டு என்று இவள் கையை உயர்த்தியிருக்கிறாள். பக்கத்தில் இருக்கிற தமிழ்ப் பிள்ளை, இவளுடைய உயிர்த் தோழி, அது உன் மாமி வீட்டுப் புத்தாண்டு, உன் வீட்டில் ஒன்றுமில்லை, நான் வந்து பார்த்திருக்கிறேன், உன் வீட்டில் தோசைதான் இருக்கிறது என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள். வகுப்பு சிரித்திருக்கிறது.

“அதனால் நான் சொன்னேன்,” என்றாள் மகள் பிரெஞ்சில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “இந்த வருடம் எங்கள் வீட்டில்தான். அம்மா ராவியோலி செய்வாள். கடையில் வாங்கினது இல்லை. எங்கள் வீட்டில் செய்தது. எல்லாருக்கும்.”

ஏச வாயைத் திறந்தேன். ஆனால் யாரை ஏச? அவளுக்கு இருக்கிற வாய் என்னுடையது. உள்ளுக்குள் எனக்குப் பெருமையும் பயமும் ஒன்றாக வந்தன. வெள்ளிக்கிழமை அவள் வெறுங்கையோடு வகுப்புக்குள் போனால், அல்லது கடைப் பெட்டியோடு போனால், இனி ஒருநாளும் அந்தக் கையை உயர்த்த மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அந்த வயதில் இல்லாவிட்டாலும் இந்த ஊர் வகுப்புகளில் இருந்தவள்தானே.

பின்னேரம் வேலையால் வந்த கணவர் கதையைக் கேட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்தார்.

“வெள்ளிக்கிழமை உன் அமாவாசை.”

“தெரியும்.”

“அன்றைக்குத்தான் எங்கள் வருடத்தின் கடைசி நாளும்.”

“அதுவும் தெரியும்.”

“எனக்கு ராவியோலி செய்யத் தெரியாது,” என்றார். அது உண்மை. ஆண் பிள்ளை படிக்கட்டும் என்று அவரை வீட்டில் குசினிக்குள் விட்டதே கிடையாது. ஐஸ்பெட்டியில் வைத்து விற்கிற பை ஒன்றை வாங்கி அவித்துக் கொடுத்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். மகள் அலறினாள். எனக்குத் தெரியும் என்று அலறினாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

“பாபா, ஏன் எங்கள் வீட்டில் புத்தாண்டு இல்லை?”

அவர் எழும்பினார். கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனார். திரும்பி வந்து, “அக்கா வியாழக்கிழமை பின்னேரம் வருகிறாள்” என்றார். எங்களுக்காக வரவில்லை, தன் மருமகள் வகுப்பில் தலைகுனியக் கூடாது என்பதற்காக வருகிறார் என்பதையும் சொல்லிவிட்டார். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

வியாழக்கிழமை வேலைத்தலத்திலிருந்து நேரே தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில் இறங்கினேன். வெள்ளிக்கு ஏற்கெனவே ‘கொஞ்சே’, அதாவது லீவு, போட்டிருந்தேன். கோவா, கரட், காளான், இஞ்சி, கோதுமை மா. கடைக்கார அண்ணை நிறுத்துக்கொண்டே கேட்டார்.

“என்ன தங்கச்சி, நாளைக்கு அமாவாசையெல்லோ, வாழைக்காய் வேண்டேல்லையோ?”

“வாழைக்காயும் தாங்கோ அண்ணை, வாழையிலையும். நாளைக்கு எங்கடை வீட்டிலை சீன வருசமும் வருது.”

“ரெண்டும் ஒரே நாளோ?”

“ஒவ்வொரு வருசமும் இந்தக் கூத்துத்தான்.”

“அப்ப அவையளும் எங்களைப் போலை சந்திரனைப் பாத்துத்தான் நாள் வைக்கினம்,” என்றார் அண்ணை. சீனர்களின் மேல் அவருக்கு அந்த நிமிடத்தில் பெரிய மரியாதை வந்துவிட்டது. ஒரு பிடி கறிவேப்பிலையைச் சும்மா அள்ளிப் போட்டார்.

வீட்டுக்கு வந்து கை கழுவுவதற்குள் மச்சாளும் வந்துவிட்டார். கையில் ஒரு கனமான பை. நேரே குசினிக்குள் போய் மேசையில் வைத்தார். அரைத்த பன்றி இறைச்சியும் பூண்டுத் தழையும்.

“பள்ளிக்கூடத்துக்குப் பன்றி வேண்டாம் என்றார்களாம், தெரியும். இது வீட்டுக்கு,” என்றார். மச்சாளின் பிரெஞ்சு கடையில் படித்த பிரெஞ்சு. சுருக்கமாக இருக்கும், சுற்றி வளைக்காது.

“இந்தக் குசினிக்குள் இன்றைக்கும் நாளைக்கும் இறைச்சி இல்லை,” என்றேன்.

“புத்தாண்டுக்கு இறைச்சி இல்லாமலா?”

“இல்லை.”

சொன்னதோடு நிற்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டுபோய் வாசல் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தேன். எனக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் வேலை செய்யும். மகள் அறைக்குள் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள். கணவர் வேலையால் இன்னும் வரவில்லை. நானும் மச்சாளும் தனியே ஒரு குசினிக்குள் நின்றது அதுதான் முதல் தடவை.

மச்சாளின் முகம் சிவந்துவிட்டது. “இத்தனை வருடமாக என் கை பட்டதை நீ தொட்டதில்லை,” என்றார். “கலியாணம் பேச வந்த அன்று உன் அப்பா என் மேசையில் இருந்து சாப்பிட்டார். போதுமா என்று கேட்டேன். இன்னும் வை என்று கிண்ணத்தை நீட்டினார். நல்ல மனிதர். நீ? வயிற்றுவலி. ஒவ்வொரு புத்தாண்டும் வயிற்றுவலி. எங்கள் சாப்பாடு உனக்கு அருவருப்பு என்றால் நேரே சொல். அருவருக்கிற வீட்டில் என் பெற்றோரை எப்படிக் கொண்டுவந்து வைப்பேன்?”

“எந்த வயிற்றுவலி?” என்றேன்.

“தம்பி சொல்கிற வயிற்றுவலி.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல விளங்கியது. புத்தாண்டு மேசையில் சாவைப் பற்றி ஒரு சொல் வாயில் வரக் கூடாது என்பது அவர்களின் கட்டுப்பாடு. அந்தச் சொல் வந்தால் வருடம் முழுவதும் கூடவே வரும் என்று பயம். என் விரதமோ இறந்துபோன அப்பாவுக்கு. இவளுடைய அப்பா செத்துப்போனார், அதனால் இவள் சாப்பிடவில்லை என்று ஆவி பறக்கிற மீனுக்கு முன்னால் என் கணவர் எப்படிச் சொல்வார்? முதல் வருடம் வாயில் வந்த வயிற்றுவலியைச் சொல்லியிருக்கிறார். அது வேலை செய்ததும் அடுத்தடுத்த வருடமும் அதையே சொல்லியிருக்கிறார். எல்லாம் சீனத்தில். அவர் என் விரதத்தை அழகாக விளக்கிக்கொண்டிருக்கிறார் என்று நான் பக்கத்தில் இருந்து தலையை வேறு ஆட்டிக்கொண்டிருந்தேன். வருடா வருடம் அதே நாளில் வயிற்றுவலி வருகிற தம்பி பெண்சாதியை எந்த அக்கா நம்புவாள்?

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைக் கொல்ல வேண்டும் போலவும் இருந்தது.

“நீங்கள் சொல்கிற அந்த நல்ல மனிதருக்காகத்தான் நான் சாப்பிடுவதில்லை,” என்றேன். “அவர் இறந்த பிறகு ஒவ்வொரு அமாவாசையும் அவருக்குப் படைக்கிறேன். முந்தின நாளிலிருந்தே மீனோ இறைச்சியோ தொட மாட்டேன். உங்கள் புத்தாண்டு அமாவாசையில் வந்து விழுகிறது. அவ்வளவுதான். வயிற்றுக்கு ஒன்றுமில்லை.”

மச்சாள் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். சுவரில் இருந்த நாட்காட்டியை நிமிர்ந்து பார்த்தார்.

“இன்று வியாழன், புத்தாண்டு மேசை நாளைக்குத்தான்,” என்றார். “இன்று சொல்லலாம். சொல்.”

நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் மகள் படைக்கலாமா என்று கேட்டவர்களைப் பற்றியும் சொன்னேன். மச்சாள் கேட்டுக்கொண்டே என் கோவாவை எடுத்து வெட்டத் தொடங்கினார். தனக்கும் பெல்வில்லில் இதே கேள்வி வந்தது என்றார். தம்பி இருக்கும்போது மகள் ஏன் படங்களை வைத்திருக்கிறாய் என்று சொந்தக்காரர் கேட்டார்களாம். அவரும் மகள், நானும் மகள். மகன்கள் செய்ய வேண்டியதை இரண்டு பேரும் வேறு வேறு வீட்டில் செய்துகொண்டு, ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

பிறகு வெட்டுகிற கத்தியை நிறுத்திவிட்டுச் சொன்னார். “எங்கள் ஊர் வீட்டில் புத்தாண்டு விடிந்ததும் முதல் ராவியோலி இறந்தவர்களுக்கு. அதில் இறைச்சி கிடையாது. வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது. வருடம் சுத்தமாகத் தொடங்க வேண்டும் என்று அப்பா சொல்வார். தம்பி அப்போது சின்னவன், நித்திரையாக இருப்பான், அவனுக்குத் தெரியாது. இங்கே வந்த பிறகு கடையும் வேலையும், யாருக்கு நேரம்? விட்டுவிட்டோம்.”

அவர் வீட்டிலும் அது விரதச் சாப்பாடு. என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். கோவா, கரட், காளான், இஞ்சி, பயற்றம் மாவில் செய்த மெல்லிய சேமியா, நல்லெண்ணெய் என்றார். சேமியாவைத் தவிர எல்லாம் என் மேசையில் இருந்தன. சேமியா வாங்க வேலையால் அப்போதுதான் வந்த கணவரை அப்படியே திருப்பி அனுப்பினோம். போகும்போது வாசலில் இருக்கிற இறைச்சிப் பையையும் தூக்கிக்கொண்டுபோய்ப் பெல்வில்லில் அக்காவின் ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். வயிற்றுவலிக்கு நான் கொடுத்த தண்டனை அது. மச்சாள் தன் வீட்டுச் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அன்றிரவு மச்சாள் எங்கள் சோபாவில் படுத்தார். வெள்ளி காலை, மகள் பள்ளிக்குப் போகுமுன், மச்சாளும் மகளும் நானும் மேசையைச் சுற்றி நின்றோம். மாக் குழைக்கிற வேலை என்னுடையது. கை பழகின பழக்கத்தில் நான் கொதிதண்ணீரை ஊற்றிக் குழைத்துவிட்டேன். கொழுக்கட்டை என்றால் வேறு எப்படி? மச்சாள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் மகள் பயந்துபோனாள்.

“பச்சைத் தண்ணீர்! பச்சைத் தண்ணீரில்தான் குழைக்க வேண்டும்! இது கொதிக்கிற பானைக்குள் போட்டால் கரைந்துபோகும்!”

“ஏன் பானைக்குள் போட வேண்டும்?” என்றேன். இடியப்பம் அவிக்கிற தட்டுகளை எடுத்து வைத்தேன். “ஆவியில் அவிப்போம்.”

மச்சாள் மாவைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். “ஆவி என்றால் சரி,” என்றார், மனமில்லாமல். கொஞ்சம் பொறுத்து, “ஆறினாலும் இது மெதுவாக இருக்கும். பின்னேரம் பள்ளிக்கூடத்தில் சாப்பிட இதுதான் நல்லது” என்றார், மனதோடு. என் பிழை அப்படியே வெற்றியாக மாறியதை நான் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது பொய்.

அடுத்தது மடிப்பு. மச்சாள் செய்து காட்டுவதற்குள் நான் ஒன்றை மடித்து ஓரத்தைப் பல்லுப் பல்லாகக் கிள்ளி வைத்துவிட்டேன். அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யார் காட்டித் தந்தது?”

“ஒருவரும் இல்லை. எங்கள் ஆட்களுக்குக் குழந்தைக்கு முதல் பல் வந்தால் இப்படித்தான் கொழுக்கட்டை செய்வோம். செய்து குழந்தையின் தலையில் கொட்டுவோம்.”

“தலையிலா?”

“தலையிலேதான். இவளுக்கும் கொட்டினோம்.”

மச்சாள் சிரித்தார். மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அவருக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மகள் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மடித்ததையெல்லாம் தட்டில் வட்டமாக அடுக்கத் தொடங்கினாள். அவளுடைய கூகூ, அப்படித்தான் அவள் தன் மாமியைக் கூப்பிடுவாள், உடனே தடுத்தார். வட்டமாக அடுக்கினால் வருடம் ஒரே இடத்தில் சுற்றுமாம். வரிசையாக அடுக்கினால்தான் வழி திறந்திருக்குமாம். மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் நேராக்கினாள்.

மத்தியானம் அப்பாவின் படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டுப் படைத்தேன். சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, பாயசம். இலையின் ஓரத்தில் மூன்று சீனக் கொழுக்கட்டை. மச்சாள் பக்கத்தில் நின்றார். ஒரு பிடி சோறும் ஒரு கொழுக்கட்டையும் எடுத்து யன்னல் விளிம்பில் வைத்தேன். பறவைகளுக்குத் தீன் போட்டால் கட்டடக் காவல்காரிக்குப் பிடிக்காது. அவளுக்குப் பிடிக்காத எத்தனையோ காரியங்களில் இதுவும் ஒன்று. ரயில் பாதைப் பக்கமிருந்து ஒரு காகம் வந்து இறங்கியது. சோற்றைத் தலையைச் சரித்துப் பார்த்தது. கொழுக்கட்டையைக் கவ்விக்கொண்டு பறந்தது.

“யார் அது?” என்று மச்சாள் மெதுவாகக் கேட்டார்.

“அப்பா,” என்றேன்.

மச்சாள் யன்னலைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். பிரான்சில் வேறு எந்தக் காகத்துக்கும் இவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது. நான் அழுதுவிட்டேன்.

பின்னேரம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பாத்திரத்தைச் சுமந்துகொண்டு வகுப்புக்குள் நுழைந்தோம். சின்னச் சின்னக் கதிரைகள், சின்னச் சின்ன மேசைகள். மகளை மெத்ரெஸ் முன்னால் கூப்பிட்டார். என் பிள்ளை பயந்து குழறுவாள் என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் கடைத்தெருவில் விலை சொல்கிறவளைப் போல நின்றாள்.

“இது எங்கள் வீட்டில் செய்தது,” என்று தொடங்கினாள். “இது என் கூகூ. இது என் அம்மா. மா பிசைந்தது தமிழ் மாதிரி, உள்ளே இருப்பது சீனா மாதிரி. வட்டமாக அடுக்கக் கூடாது, வழி அடைபட்டுவிடும். இதில் இறைச்சி இல்லை. முதலில் இறந்துபோன தாத்தாக்களுக்கு, பிறகு எங்களுக்கு.” மச்சாள் என்னைத் திடுக்கிட்டுப் பார்த்தார். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாளே! பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டார். பிள்ளை சொன்னால் பிழையில்லை என்றார்.

மாலிக்காரப் பிள்ளை, அல்ஜீரியப் பிள்ளை, பங்களாதேஷ் பிள்ளை, பிரெஞ்சுப் பிள்ளை, பாண்டிச்சேரிப் பிள்ளை, யாருக்கும் இதில் என்ன இருக்கிறது, எனக்கு ஆகுமா என்று கேட்கத் தேவை வரவில்லை. பள்ளிக்கூடக் கன்தீனில், சாப்பாட்டு அறையில், ஒவ்வொரு நாளும் இது எனக்கு ஆகாது என்று தட்டைத் தள்ளுகிற மேசை அது. அன்று ஒருவரும் தள்ளவில்லை. என் விரதம் அந்த வகுப்பு முழுவதற்கும் இடம் போட்டுக் கொடுத்தது. உயிர்த் தோழி இரண்டாவது தடவை கையை நீட்டினாள். மகள் உடனே கொடுக்கவில்லை.

“யார் வீட்டில் செய்தது?” என்று கேட்டாள்.

“உன் வீட்டில்,” என்றாள் தோழி, வாய் நிறையச் சாப்பாட்டோடு. அதன் பிறகு கொடுத்தாள். அவள் என் மகள்தான், சந்தேகமே இல்லை.

வீடு திரும்புகிற வழியில் மச்சாள் மெத்ரோ வாசலில் நின்றார். மீனும் இறைச்சியும் நாளைக்கு என் வீட்டில், நீயும் சாப்பிடலாம், நாளைக்கு அமாவாசை இல்லையே என்றார். பிறகு, ஒரு சாமான் எடுத்துக்கொண்டு வருகிறேன், மேசையைத் துடைத்து வை என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

இருட்டுகிற நேரம் மணி அடித்தது. கதவைத் திறந்தவர் என் கணவர். மச்சாள் சிவப்புத் துணியில் சுற்றிய இரண்டு படங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கணவர் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். சுவரில் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினேன். மச்சாள் சீனாவுக்குத் தொலைபேசி எடுத்து, சொந்தக்காரர் யாருக்கோ பெரிய குரலில் ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று கணவரைக் கேட்டேன். இனி இவருடைய மொழிபெயர்ப்பை நம்பலாமா என்ற சந்தேகத்தோடுதான் கேட்டேன்.

“இந்த வருடம் தம்பி வீட்டில் என்று சொல்கிறாள்,” என்றார். “இனி எப்போதும் தம்பி வீட்டில் என்று சொல்கிறாள்.”

மச்சாள் மூன்று படங்களுக்கும் முன்னால் மூன்று கிண்ணம் வைத்தார். ஒவ்வொன்றிலும் கொழுக்கட்டை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சோடி குச்சி. மகள் கிட்டப் போய் நின்று யோசித்தாள்.

“கூகூ, அம்மப்பாவுக்குக் குச்சியால் சாப்பிடத் தெரியுமா?”

“தெரியாது,” என்றார் மச்சாள். “என் வீட்டிலும் கையால்தான் சாப்பிட்டார்.”

அப்பாவின் கிண்ணத்துப் பக்கம் இருந்த குச்சிகளை அவரே எடுத்தார். ஒரு சின்னக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தார், கை கழுவ. பிறகு என்னைப் பார்த்து, உன் அப்பாவைக் கூப்பிடு என்றார்.

“அப்பா, வாங்கோ, கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிடுங்கோ,” என்றேன், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.